குறுகுறுப்பு நின்றுபோன கை

போன மாதம் பிரதோஷத்தன்று குடுமியான்மலைக் கோயிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து நந்திக்கு அபிஷேகம் பார்த்துக்கொண்டிருந்தேன். தீபாராதனை ஆனதும் எல்லோரும் எழுந்தார்கள். என்னால் எழ முடியவில்லை. இடது கால் வேறு யாருடைய காலோ மாதிரிக் கிடந்தது. பக்கத்தில் இருந்த மளிகைக்கடை வீரப்பன் சும்மா இருப்பாரா?

"என்ன சுப்பையாண்ணே, ஊர்க் கையி காலுக்கெல்லாம் கட்டுப் போட்டவரு, ஒங்க காலே ஒங்க பேச்சக் கேக்கலையா?"

"மரத்துப் போச்சுப்பா. கையக் குடு."

"இங்கிட்டு வாங்க, தூணப் பிடிச்சுக்கங்க. வயசாச்சுன்னு ஒத்துக்கங்க."

தூணைப் பிடித்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளங்காலில் குறுகுறுவென்று ஆரம்பித்தது. ஆயிரம் எறும்பு ஒரே நேரத்தில் கடித்த மாதிரி. வீரப்பன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மரத்துப் போச்சுங்கிறீங்க, சிரிக்கிறீங்க?" என்றார். எனக்கு அந்தக் குறுகுறுப்பு வந்தால் சிரிப்புத்தான் வரும். கூடவே மனசுக்குள் ஒரு கும்பிடும் போட்டுக்கொள்வேன். ஏன் என்று அன்றைக்கு அவரிடம் சொல்ல முடியவில்லை, பிரசாதம் வாங்கும் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. ஓய்வுபெற்ற ஊழியர்களின் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்தில் நெடுநாளாகக் கேட்கிறார்கள். அதையே எழுதிவிடுகிறேன்.

நான் பத்தாவது தவறியவன். நம் மாவட்டத்தின் கடற்கரைப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் பணியாளராகச் சேர்ந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். முதலில் ஸ்ட்ரெச்சர் தள்ளினேன். பிறகு மாவுக்கட்டு அறையில் ஆள் இல்லை என்று அங்கே நிறுத்தினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் நின்றேன். இப்போது பச்சை, ஊதா என்று நிறம் நிறமாகக் கட்டு வருகிறது, எடை இல்லை, ஈரம் பட்டாலும் கரைவதில்லை என்கிறார்கள். நல்லதுதான். எங்கள் காலத்தில் வெள்ளை மாவு ஒன்றுதான்.

அந்த வேலையைக் கற்றுக்கொள்ள எனக்குப் பதினைந்து நாள் ஆனது. வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர். மாவு தடவிய துணிச் சுருளை அதில் செங்குத்தாக அமிழ்த்த வேண்டும். குமிழி வரும். அது நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். நின்றதும் இரண்டு முனையையும் பிடித்து வெளியே எடுத்து, நடுப்பக்கம் பார்த்து ஒரு அமுக்கு. அவ்வளவுதான். முறுக்கிப் பிழிந்தால் மாவெல்லாம் தண்ணீரோடு போய் வெறும் துணி மிஞ்சும். முதல் வாரம் நான் பிழிந்த பிழியைப் பார்த்து, "சுப்பையா, ஒன்னைய வேட்டி தொவைக்கவா இங்க போட்டாக?" என்று நர்ஸம்மா கேட்டார்.

முதல் நாளே சுற்றிலும் முழுக் கட்டுப் போட மாட்டோம். அடிபட்ட கை வீங்கும், அதற்கு இடம் வேண்டும். அதனால் ஒரு பக்கம் மட்டும் பலகை மாதிரி மாவை வைத்து, மேலே துணியைச் சுற்றுவோம். அதற்கு முன்னால் பஞ்சு. பஞ்சுக்கும் முன்னால் முக்கியமான வேலை ஒன்று உண்டு, அது என் பொறுப்பு. கட்டுக்கு உள்ளே போகிற கையில் ஒன்றும் இருக்கக் கூடாது. மோதிரம், வளையல், கயிறு எதுவும். பெண்களின் வளையலை நான் உடைக்க மாட்டேன். கண்ணாடி வளையலை உடைத்தால் அவர்கள் மனசு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். சோப்பு நுரையைப் பூசி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே கழற்றிவிடுவேன். அதில் எனக்கு ஒரு பேர் இருந்தது.

எங்கள் எலும்பு டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருமயம் பக்கம் செட்டிநாட்டு வீட்டுப் பிள்ளை. அண்ணன் தம்பியெல்லாம் வெளியூரில் பெரிய வியாபாரம். இவர் மட்டும் எங்களோடு மாவிலும் மருந்து வாடையிலும் கிடந்தார். எல்லாப் பெண்களும் அவருக்கு ஆச்சி. எல்லா ஆண்களும் அண்ணன். என்னைவிட நாலு வயதுதான் இளையவர், அதிகாரி. ஆனாலும் எப்போதும் 'சுப்பையாண்ணே' என்றுதான் கூப்பிட்டாரே தவிர, வெறும் பேர் சொன்னதில்லை. ஒரே ஒரு நாளைத் தவிர. அதற்கு வருகிறேன்.

விலகிய எலும்பை இழுத்து உட்கார வைக்கிற நேரத்தில் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"ஆச்சி, இன்னைக்கு வீட்ல என்ன கொழம்பு?"

"வெண்டக்கா போட்டு..."

அதற்குள் ஒரு இழு. "ஆத்தீ!" என்று அந்த அம்மா கத்தும்போது எலும்பு இடத்துக்கு வந்திருக்கும். "ஆம்பளைங்க பாதிப் பேருக்கு வீட்ல என்ன கொழம்புன்னே தெரியலண்ணே, முழிக்கிறாங்க. எனக்கு அது இன்னும் வசதி" என்பார்.

கால் ஏன் மரக்கிறது, ஏன் குறுகுறுக்கிறது என்று எனக்குப் புரிய வைத்ததும் அவர்தான். ஒரு நாள் கட்டுமாவடி மீன் வியாபாரி ஒருவரை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். பஸ்ஸில் காலை மடக்கி, மடியில் மீன் கூடையை வைத்து அத்தனை தூரமும் தூங்கிக்கொண்டே வந்திருக்கிறார். இறங்கும்போது வலது கால் இருப்பதே தெரியவில்லை. அப்படியே விழுந்துவிட்டார். "பக்கவாதம் வந்துருச்சு, எங் குடி கெட்டுச்சு" என்று அவர் சம்சாரம் மருத்துவமனையே அதிர அழுதுகொண்டு வந்தார். டாக்டர் வந்து அவர் முகத்தைப் பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார், பேசச் சொன்னார், காலைத் தொட்டுப் பார்த்தார். அதற்குள் அவரே துள்ள ஆரம்பித்தார்.

"ஐயோ, என்னமோ ஊசியாக் குத்துதுங்க! குறுகுறுங்குது!"

"குத்தட்டும் அண்ணே. கால் திரும்பி வருது" என்றார் டாக்டர். பிறகு அந்த அம்மாவிடம் சொன்னதுதான் எனக்கு இன்றுவரை மனசில் இருக்கிறது. "ஆச்சி, நரம்புன்னு ஒண்ணு இருக்குல்ல, அது கரண்டு ஒயரு மாதிரி. கால மடக்கி மேல கூடைய வெச்சா அது நசுங்கிப் போகுது, அதுக்குப் போற ரத்தமும் கொறையுது. சேதி போக வழியில்ல. அதான் மரத்துப் போச்சு. கால நீட்டுனதும் மறுபடி உயிர் வருது. கரண்டு போயிட்டு வந்தா ஒங்க தெருவுல டியூப்லைட்டெல்லாம் ஒடனே நின்னு எரியுதா? மினுக்கு மினுக்குன்னு தாறுமாறா மினுங்கிட்டுத்தான எரியுது? அந்த மினுக்கலத்தான் நீங்க குறுகுறுப்புங்கிறீங்க."

"அப்ப வாதம் இல்லையா?"

"இல்ல. கூடையில என்ன மீனு?"

"நெத்திலிங்க."

"அதக் கொண்டுபோய்க் கொழம்பு வைங்க."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சொன்னதில் பாதியைத்தான் நான் அன்றைக்கு வாங்கிக்கொண்டேன் என்பது பின்னால் தெரிந்தது.

ஜெகதாப்பட்டினத்திலிருந்து பாக்கியம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முப்பத்தைந்து வயதிருக்கும். துறைமுகத்தில் இறால் உரிக்கிற வேலை. ஐஸ் உடைக்கிற இடத்தில் கால் வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்துவிட்டாள். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்து, கை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கூட அவள் புருஷன் கருப்பையா. ஒல்லியான மனிதர். மீன்பிடிக்கக் கடலில் போன இடத்தில் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, மூன்று மாதம் அயல்நாட்டுச் சிறையில் இருந்துவிட்டு, வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

சோப்பு நுரை போட்டு வளையலைக் கழற்றினேன். அதற்கு மேலே மஞ்சள் நூல் இருந்தது. மஞ்சள் கிழங்கு வைத்துக் கட்டிய காப்பு. நான் கத்தரிக்கோலை எடுத்ததும் பாக்கியம் மற்றக் கையால் அதை மூடிக்கொண்டாள்.

"அண்ணே, இத மட்டும் விட்ருங்க. வெள்ளிக்கெழம காளியாத்தாவுக்குப் பால்கொடம். இவுக உசுரோட திரும்பி வந்தா எடுக்கிறேன்னு நேந்துக்கிட்டது. கொடம் எறக்குற முன்ன காப்ப அவுத்தா... வேணாண்ணே."

கருப்பையா, "அண்ணன் சொல்றதக் கேளு புள்ள" என்றார். அவள் கேட்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

எனக்கும் எங்கள் ஊர் மாரியம்மனுக்கு வருஷா வருஷம் காப்புக் கட்டுகிற வழக்கம் உண்டு. காப்புக் கட்டினால் முடிக்கிற வரைக்கும் அது நூல் இல்லை, சாமி. வேறு யாராவது அந்தக் கத்தரிக்கோலைப் பிடித்திருந்தால் வெட்டியிருப்பார்கள். எனக்குக் கை வரவில்லை. நூல் கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது. அதை முழங்கைப் பக்கமாக மேலே நகர்த்தி, கிழங்கு உறுத்தாமல் திருப்பி, அதன்மேல் பஞ்சை நாலு சுற்றுச் சுற்றிவிட்டேன்.

டாக்டர் வந்தார். "எல்லாம் கழட்டியாச்சாண்ணே?"

"ஆச்சுங்க."

"மேல என்ன பஞ்சு?"

"சிராய்ப்புங்க. மருந்து தடவி வெச்சிருக்கேன்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. குழம்பு கேட்டார், இழுத்தார், எலும்பு உட்கார்ந்தது. நான் ஒரு பக்கப் பலகைக் கட்டைப் போட்டேன். சாயந்தரம் வரை வார்டில் இருக்கட்டும், விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார்.

ஒரு மணிக்குப் போய்ப் பார்த்தேன். பாக்கியம், "அண்ணே, வெரலு நுனியெல்லாம் எறும்பு ஊறுற மாதிரி இருக்கு" என்றாள். நகத்தை அமுக்கி விட்டேன். வெளுத்தது, மெதுவாகச் சிவந்தது. கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தேன். மேல் துணியை ஒரு சுற்றுத் தளர்த்தினேன். உள்ளே நூல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். சாமி நூல் கெடுதல் செய்யுமா என்று ஒரு எண்ணம். பொய் சொன்னது வெளியே வருமே என்று ஒரு பயம். இரண்டில் எது பெரியது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

மூன்று மணிக்கு மறுபடி போனேன். அவள் முகம் தெளிந்திருந்தது.

"அண்ணே, நின்னுபோச்சு. இப்ப ஒண்ணுமே இல்ல, சுத்தமா இல்ல."

"பாத்தியா? ஆத்தா காப்பாத்திட்டா" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். நிம்மதியாகப் போய் ஒரு டீ குடித்தேன். அந்த டீயை நினைத்தால் இப்போதும் நாக்கு கசக்கிறது.

நாலு மணிக்கு டாக்டர் வார்டுக்கு வந்தார். கட்டுப் போட்டவர்களிடம் "வலிக்குதா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர் இல்லை அவர். கண்ணை மூடச் சொல்லுவார். ஒவ்வொரு விரலாகத் தொட்டு, எந்த விரல் என்று கேட்பார்.

"ஆச்சி, கண்ண மூடிக்கங்க. இது எந்த வெரலு?"

பாக்கியம் கண்ணை மூடியபடி இருந்தாள். டாக்டர் மோதிர விரலைத் தொட்டார். நடுவிரலைத் தொட்டார். ஆள்காட்டி விரலைப் பிடித்து நகத்தால் அழுத்தினார்.

அவள் சிரித்துக்கொண்டே, "இன்னும் தொடலயே சார்" என்றாள்.

டாக்டர் ஒரு விரலை மெல்ல நிமிர்த்தினார். தோல் மரத்திருந்தாலும் உள்ளே வீங்கிய சதை இழுபட, முழங்கை வரைக்கும் வலி பாய்ந்து அலறிவிட்டாள்.

"கட்ட எடு சுப்பையா."

அன்றைக்கு அண்ணே இல்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கால் மரத்துப் போனால் நாம் காலை நீட்டுகிறோம். நசுக்கியதை எடுக்கிறோம். குறுகுறுத்துவிட்டுச் சரியாகிறது. இங்கே நான் எதையும் எடுக்கவில்லை. எடுக்காமலே குறுகுறுப்பு நின்றால் அது குணமானது இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நரம்பு ஓய்ந்துபோனது.

துணியை வெட்டினேன். மாவுப் பலகையை எடுத்தேன். பஞ்சை விலக்கினேன். தளர்வாக இருந்த நூல் இப்போது கண்ணுக்கே தெரியவில்லை. வீங்கிய சதைக்குள் ஒரு கோடாகப் புதைந்திருந்தது. மஞ்சள் கிழங்கு மட்டும் வெளியே தெரிந்தது. டாக்டர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கத்தரிக்கோலை மட்டும் நீட்டினார்.

பாக்கியம் கையை இழுக்கப் பார்த்தாள். "வெட்டாதீங்க! அவுகளுக்கு எதுவும் ஆயிரும்!"

கருப்பையா கட்டிலைச் சுற்றி வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "ஏ பாக்கியம், இங்க பாரு. நா வந்துட்டேன்ல? ஒம் முன்னாடி நிக்கிறேன்ல? கேட்டதக் குடுத்தவ ஒங் கையவா பிடுங்கப் போறா? அண்ணே, நீங்க வெட்டுங்க."

"ஆத்தா, மன்னிச்சுரு" என்று சொல்லி வெட்டினேன்.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்தக் கையைத் தன் கையில் வைத்துக்கொண்டார். ஆபரேஷன் தியேட்டரைத் தயாராக வைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். வீக்கம் இறங்காவிட்டால் கையைக் கீறிவிட வேண்டியிருக்கும் என்று கருப்பையாவிடம் மெதுவாகச் சொன்னார். இடது கையில் இறாலைப் பிடித்தால்தான் வலது கை உரிக்கும். பிடிக்கிற கை போய்விட்டால் அவளுக்கு வேலை இல்லை. கருப்பையாவும் கடலுக்கு இனிமேல்தான் போகத் தொடங்க வேண்டும். எனக்குத் தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டு கட்டில் காலடியில் நின்றேன். நீலம் பாரித்திருந்த நகம் வெளுத்தது. வெளுத்ததிலிருந்து மெல்லச் சிவந்தது. ஆனால் தொட்டால் தெரியவில்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி தொட்டார். மறுபடி பார்த்தார்.

திடீரென்று பாக்கியம் முகத்தைச் சுளித்தாள்.

"என்ன ஆச்சி?"

"என்னமோ பண்ணுது சார்... ஐயோ, குறுகுறுங்குது! ஊசியா எறங்குது! ஆத்தீ, தாங்கல, கைய விடுங்க!"

டாக்டர் கையை விடவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். கருப்பையா எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பார்த்தார். நோயாளி கதறக் கதற டாக்டரும் நர்ஸம்மாவும் நானும் சிரித்துக்கொண்டு நின்றோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வேறு. "நல்லாக் கத்துங்க ஆச்சி, நல்லாக் கத்துங்க" என்றார் டாக்டர்.

கீறிவிட வேண்டிய தேவை வரவில்லை. தளர்வாக மறு கட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது டாக்டர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். போய் நின்றேன். நடந்ததை எழுதிக் கொடு என்பார், மேலிடத்துக்கு அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன்.

"நூல வெட்ட மனசு வரல. அது எனக்குப் புரியுது" என்றார். "எங்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க? நூல் இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா காலையிலயே வெட்டியிருப்பேன்ல? வெட்டுன பழியும் எம்மேல வந்திருக்கும்."

அவர் குழாயை மூடினார். "நாளைக்கு லீவு எடுத்துக்கங்க" என்றார். தண்டனையோ என்று பார்த்தேன். "அந்தக் கோயில் பூசாரியப் பாத்துட்டு வாங்க. அந்தாச்சி மனசு ஒடஞ்சு கெடக்கு. அதுக்கு எங்கிட்டக் கட்டு இல்ல."

மறுநாள் ஜெகதாப்பட்டினத்துக்கு பஸ் ஏறினேன். பூசாரி வலைக் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, வெட்டினது நான்தான், தோஷம் இருந்தால் என்னைச் சேரட்டும் என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"நீங்க காப்புக் கட்டுவீகளா?"

"வருசா வருசம் எங்க ஊர்ல கட்டுவேன்."

"அதான். இல்லாட்டி இம்புட்டுத் தூரம் வரமாட்டீகளே. கையில கட்ட முடியலையின்னா கொடத்துக் கழுத்துல கட்டுவோம். ஆத்தாவுக்குக் கையும் தெரியும், கொடமும் தெரியும். போய்ச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை குடத்தைக் கருப்பையாதான் தலையில் சுமந்தார். பாக்கியம் கட்டுப் போட்ட கையைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு, வலது கையால் அவர் முழங்கையைத் தொட்டபடி நடந்தாள். நான் போகவில்லை. டியூட்டி. நர்ஸம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

ஆனால் கை அத்தனை சீக்கிரம் சரியாகவில்லை. இரண்டு விரல் நுனி வாரக்கணக்கில் மந்தமாகவே இருந்தது. ஒவ்வொரு முறை வரும்போதும் டாக்டர் கண்ணை மூடச் சொல்லித் தொடுவார். ஆள்காட்டி விரலில் தடுமாறுவாள். மோதிர விரலை நடுவிரல் என்பாள். "நரம்பு கோவிச்சுக்கிட்டா லேசுல சமாதானமாகாதுண்ணே" என்று என்னிடம் சொல்லுவார். அண்ணே திரும்பி வந்திருந்தது. ஆனால் அந்தத் தடுமாற்றத்தைப் பார்க்கும்போது அந்த அண்ணே எனக்கு ஒட்டவில்லை.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தோம். நான்தான் வெட்டினேன். தோல் உரிந்து, இளைத்து, குழந்தை கை மாதிரி இருந்தது. வெந்நீரில் துடைத்துவிட்டேன். டாக்டர் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"கண்ண மூடிக்கங்க ஆச்சி."

மூடினாள். டாக்டர் தொடப் போனவர், நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நீங்க தொடுங்க என்று. அத்தனை வருஷத்தில் அந்தச் சோதனையை அவர் எனக்கு விட்டதில்லை. நான் அவள் மோதிர விரல் நுனியை, பட்டும் படாமலும், ஒரே ஒரு தடவை தொட்டேன்.

"மோதிர வெரலு" என்றாள். கண்ணை மூடியபடியே சிரித்தாள். "தொட்டது டாக்டரு இல்ல. எங்க அண்ணன். வெரலெல்லாம் சொரசொரன்னு மாவு."